வீட்டுப் பெரியவருக்கு இருமல் நிற்கவில்லையா? டெல்டா மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தை பிறந்து சம்பா அறுப்பு தொடங்கிவிட்டால், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்துச் சின்ன ஊர் கிளினிக்குகளில் காலையிலிருந்தே இருமல் சத்தம்தான். பனி, நெல் சுணை, வைக்கோல் தூசி என்று காரணம் சொல்ல எப்போதும் ஏதாவது இருக்கும். அதனாலேயே அறுபது, எழுபது வயதுக்காரர்களின் இருமலை வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மாசி போய்ப் பங்குனி வந்த பிறகும் அவர்கள் இருமிக்கொண்டே இருப்பார்கள். காரணத்தைத் தேடாமல் சிரப்பை மட்டும் மாற்றி மாற்றிக் கொடுத்தால் நாள்தான் போகும். காரணம் தெரிந்துவிட்டால் பெரும்பாலான இருமலுக்கு வைத்தியம் இருக்கிறது. நோயாளிகளும் அவர்களை அழைத்து வருபவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

எத்தனை நாள் இருமினால் டாக்டரிடம் போக வேண்டும்?

சாதாரண சளிக்காய்ச்சலோடு வரும் இருமல் பெரும்பாலும் 3 வாரத்துக்குள் அடங்கிவிடும். 8 வாரம் தாண்டினால் அதை நாள்பட்ட இருமல் என்று மருத்துவர்கள் கணக்கில் எடுப்பார்கள். ஆனால் நம் நாட்டில் 8 வாரம் காத்திருக்கக் கூடாது. 2 வாரம் இருமினாலே காசநோய்க்குச் சோதிக்க வேண்டும் என்பது இங்கே விதி. உலகத்துக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். விதி அப்படி இருப்பதற்கு அதுதான் காரணம்.

இருமல் தொடங்கிய தேதியைத் தினசரிக் காலண்டரில் குறித்து வையுங்கள். "கொஞ்ச நாளாத்தான்" என்று பெரியவர்கள் சொல்வது சில சமயம் மூன்று மாதமாக இருக்கும்.

வயசானா இருமல் வரத்தானே செய்யும்?

வராது. வயதானால் இருமுகிற பலம்தான் குறையும். நெஞ்சுத் தசைகள் தளர்ந்து, உள்ளே சேரும் சளியை வெளியே தள்ள முடியாமல் போகும். அப்படிப்பட்ட உடம்பு விடாமல் இருமுகிறது என்றால் அதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

வயதானவர்களுக்கு நுரையீரலில் நிமோனியா வந்தால்கூடக் காய்ச்சல் அடிக்காமல் போகலாம். சாப்பாடு வேண்டாம் என்பார்கள், திடீரென்று குழப்பமாகப் பேசுவார்கள், நடக்கும்போது விழுந்துவிடுவார்கள். "காய்ச்சல் இல்லையே, அப்புறம் என்ன" என்று இருந்துவிட வேண்டாம்.

காய்ச்சல் போய்விட்டது, இருமல் மட்டும் நிற்கவில்லை. ஏன்?

வைரஸ் போன பிறகும் மூச்சுக்குழாயின் உள்தோல் புண்ணாகவே இருக்கும். பேசினால், சிரித்தால், குளிர்காற்று பட்டால் இருமல் கிளம்பும். இது நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வர வேண்டும். குறைகிறது என்றால் பொறுத்திருக்கலாம். குறைந்து மறுபடி கூடினாலோ, சளி நிறம் மாறி மூச்சு வாங்கினாலோ, பொறுக்க வேண்டாம்.

அம்மாவுக்குக் காய்ச்சலே இல்லை, எடைதான் கொஞ்சம் குறைந்திருக்கிறது. காசநோயாக இருக்குமா?

இருக்கலாம், பார்த்துவிடுங்கள். முதியவர்களுக்குக் காசநோய் சத்தமில்லாமல்தான் வரும். சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை எதுவும் தெரியாமல், பசி குறைந்து, ரவிக்கை தளர்ந்து, இருமல் மட்டும் இருக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். நம் ஊரில் எத்தனை பெரியவர்களுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னால் சளிப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வார்கள். சோதனையும் மருந்தும் இலவசம். சளி கொடுக்கும் விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். டப்பாவில் எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் நோய் இருந்தாலும் இல்லை என்று வரும். வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில், இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்துவிட்டு, அடிநெஞ்சிலிருந்து இருமி வரும் கெட்டியான சளிதான் வேண்டும். அதிகாலைச் சளி ரொம்ப நல்லது. சளியே வரவில்லை என்றால் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். எக்ஸ்ரே எப்படியும் வேண்டியதுதான். புற்றுநோய்க் கட்டி, நெஞ்சில் நீர் கோத்திருப்பது, இதயம் வீங்கியிருப்பது போன்றவையும் அதில் பிடிபடும்.

காசநோய் என்று வந்துவிட்டால்? செங்கிப்பட்டிக்கு அனுப்பிவிடுவார்களா என்று அப்பாயி அழுகிறார்.

அந்தத் தலைமுறைக்குச் செங்கிப்பட்டி காசநோய் மருத்துவமனை என்றாலே போனவர் திரும்ப மாட்டார் என்ற பயம். அந்தப் பயத்தை அவர் கையைப் பிடித்து உட்கார்ந்து போக்குங்கள். இப்போது பெரும்பாலானவர்கள் வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகிறார்கள். வழக்கமான காசநோய்க்கு 6 மாதம்: முதல் 2 மாதம் நான்கு மருந்து, அடுத்த 4 மாதம் மூன்று மருந்து. சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்துகொண்டிருந்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய்.

மாத்திரை தொடங்கியதும் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். அது ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம், பயப்பட வேண்டாம். ஆனால் கண் மஞ்சளாகி, வாந்தி வந்து, சோறு இறங்கவில்லை என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

தட்டு, டம்ளரைத் தனியாக வைக்கத் தேவையில்லை. அது காற்று வழியாகப் பரவும் நோய். இருமும்போது வாயை மூடுவது, சன்னலைத் திறந்து வைப்பது, முதல் சில வாரங்கள் பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் படுக்கவைக்காமல் இருப்பது, இவைதான் முக்கியம். சரியான மருந்து தொடங்கிவிட்டால் பரவும் தன்மை வேகமாகக் குறையும். வீட்டில் உள்ள மற்றவர்களையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

மிகவும் மெலிந்து, கால் வீங்கி, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடியாதவரை மட்டும் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம். அப்படிப்பட்டவர்களை முதலிலேயே கண்டுபிடித்து மருத்துவமனையில் சேர்க்கத்தான் 2022-இல் தமிழக அரசு காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைத் தொடங்கியது.

பிரஷர் மாத்திரையால் இருமல் வருமா?

வரும். பலருக்கு இது தெரியாது. தெரியாததால் மாதக்கணக்கில் இருமிக்கொண்டிருக்கிறார்கள். எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் என்று பெயர் "ப்ரில்" என முடிகிற மாத்திரைகளைப் பாருங்கள். இவற்றைச் சாப்பிடுபவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்குத் தொண்டை கரகரத்து, சளியில்லாத வறட்டு இருமல் வரலாம். பெண்களுக்குக் கொஞ்சம் அதிகம். மாத்திரை தொடங்கிய வாரத்திலேயே வரலாம், பல மாதம் கழித்தும் வரலாம். அதனால் "ஒரு வருஷமா இதைத்தானே சாப்பிடுறேன்" என்று அதை விட்டுவிட முடியாது.

2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கிய பிறகு மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. நல்ல காரியம். ஆனால் மாத்திரை கொடுக்க வருபவரிடம் "இருமல் இருக்கு" என்று வாய் திறந்து சொன்னால்தான் விஷயம் டாக்டர் வரை போகும். அட்டையின் பின்பக்கப் பெயரைப் படித்துப் பாருங்கள். அந்த வகைதான் என்றால் நீங்களாக நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும். டாக்டர் அதற்குப் பதில் லோசார்டான், டெல்மிசார்டான் போன்ற ஒன்றை எழுதுவார். மாற்றிய மறுநாளே இருமல் நிற்காது. பொதுவாக 1 முதல் 4 வாரம் ஆகும், சிலருக்கு 3 மாதம் வரை இழுக்கும்.

பகலெல்லாம் நன்றாக இருக்கிறார். படுத்தால்தான் இருமல். ஏன்?

படுத்தால் வரும் இருமலுக்குப் பல காரணங்கள் உண்டு. எது என்று பிரித்துப் பார்க்க வீட்டில் இருப்பவரின் கண்தான் உதவும்.

முதலில் இதயத்தைச் சந்தேகப்படுங்கள். மல்லாக்கப் படுத்ததும் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தால், ஒரு தலையணை போதாமல் இரண்டு மூன்று வைத்துக்கொண்டால், சாயங்காலம் காலில் விரல் வைத்து அழுத்திய இடம் குழியாக நின்றால், இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் தேங்குவதன் அடையாளமாக அது இருக்கலாம். அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையாலும் கால் வீங்கும் என்பது உண்மை. அதை நீங்களே தீர்மானிக்காமல் ஈசிஜி, எக்கோ எடுத்துப் பார்ப்பதுதான் சரி.

இரண்டாவது, வயிற்று அமிலம் மேலேறி வருவது. ராத்திரி 9 மணிக்குச் சாப்பிட்டு 9.30-க்குப் படுப்பவர்கள், நாளைக்கு நாலைந்து காபி குடிப்பவர்களிடம் இது சகஜம். நெஞ்செரிச்சல் இல்லாமலேகூட இருமல் வரலாம். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் 3 மணி நேரம் விடுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து அரையடி உயர்த்துங்கள். தலையணையை அடுக்குவதால் இடுப்புதான் மடங்கும், வயிறு அழுந்தும்.

மூன்றாவது, ஆஸ்துமா. விடியற்காலை 2, 3 மணிக்கு இருமல், நெஞ்சில் விசில் சத்தம். அறுபதுக்கு மேல் புதிதாக ஆஸ்துமா வராது என்று நினைக்காதீர்கள், வரும்.

இன்னொன்றையும் டெல்டாக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கும்பகோணம், தஞ்சாவூர் வட்டாரத்தில் யானைக்கால் நோய் பரவலாக இருந்த காலம் உண்டு. அதே ஃபைலேரியாப் புழுவுக்கு நுரையீரல் ஒவ்வாமைபோல எதிர்வினை காட்டுவதால் வரும் இருமல் ஒன்று இருக்கிறது. ராத்திரியில் விடாத இருமல், இளைப்பு, ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளையணுக்களின் எண்ணிக்கை 3,000-க்கு மேல். காலில் வீக்கம் எதுவும் இருக்காது. வயதானவர்களைவிட இளவயது, நடுவயதுக்காரர்களிடம்தான் அதிகம் என்றாலும், ஆஸ்துமா என்று நினைத்து வருடக்கணக்கில் மருந்து சாப்பிட்டும் குறையாதவருக்கு இந்த ஒரு ரத்தச் சோதனையைச் செய்து பார்ப்பதில் நஷ்டமில்லை. முன்பு யானைக்கால் நோய்க்கு வீடு வீடாகக் கொடுத்த டிஇசி மாத்திரையையே மருத்துவர் சொல்லும் அளவில் 3 வாரம் சாப்பிட்டால் பெரும்பாலும் கேட்கும்.

அம்மாயி பீடி, சுருட்டு தொட்டதில்லை. நுரையீரல் கெட்டிருக்கிறது என்கிறார் டாக்டர். எப்படி?

அடுப்பால். இளவயதிலிருந்து நாற்பது வருடம் விறகும் வறட்டியும் எரித்துச் சமைத்தவர், நெல் அவித்தவர், அந்தப் புகை முழுவதையும் இழுத்திருக்கிறார். புகைபிடிப்பவர்களுக்கு வரும் நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் அப்படிப்பட்ட பெண்களுக்கும் வரும். இன்றைக்குக் கேஸ் அடுப்பு வந்துவிட்டாலும் வெந்நீர் போட விறகு அடுப்பு கொல்லையில் இன்னும் எரிகிறது. அதையும் நிறுத்த வேண்டும். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையில் இந்த நோய் தெரியும்.

களத்தில் நெல் தூற்றும் நேரம், அரைவை மில்லில் தவிடு பறக்கும் இடம், கொள்முதல் நிலையத்தில் மூட்டை பிடிக்கும் இடம், இங்கெல்லாம் பெரியவர்களை உட்காரவைக்காதீர்கள். மழையில் நனைந்து பூசணம் பிடித்த வைக்கோலைப் பிரித்த பிறகு, அன்று சாயங்காலமே காய்ச்சலும் இருமலும் மூச்சுத் திணறலும் வருகிறதா? அது பூசணத்துக்கு நுரையீரல் காட்டும் எதிர்ப்பு. திரும்பத் திரும்ப நடந்தால் நுரையீரல் தழும்பாகிவிடும். மாட்டுக்கு வைக்கோல் போடும் வேலையை வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு ஓதம் ஏறிய சுவர், கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணி, வேப்பிலை மூட்டம் எல்லாமே இருமலைத் தூண்டும். சுருளுக்குப் பதில் கொசுவலை கட்டுங்கள்.

சாப்பிடும்போது மட்டும் புரையேறி இருமுகிறார். இதற்கும் வைத்தியம் வேண்டுமா?

கட்டாயம். பக்கவாதம் வந்தவர், நடுக்குவாதம் உள்ளவர், நினைவு குறைந்தவர்களுக்கு விழுங்கும் தசைகள் சரியாக வேலை செய்யாது. சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரலுக்குள் இறங்கி, அடிக்கடி நிமோனியா வரும். படுக்கவைத்து ஊட்டாதீர்கள். நேராக உட்காரவைத்து, தாடையைக் கொஞ்சம் கீழே இறக்கச் சொல்லி, சின்னச் சின்ன வாயாகக் கொடுங்கள். சாப்பிட்ட பிறகு அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கட்டும். தண்ணீர்தான் அதிகம் புரையேறும். குழைந்த சாதம், கூழ் பக்குவம் எளிதாக இறங்கும். தினமும் வாயைச் சுத்தம் செய்வதும் நிமோனியாவைத் தடுக்கும்.

வெற்றிலை போடுபவர்களிடம் ஒன்று கேட்பேன்: இருமல் தொடங்கிய நாளில் பாக்கு புரையேறியதா? மூச்சுக்குழாயில் சிக்கிய பாக்குத் துண்டோ, உடைந்த பல்செட்டோ மாதக்கணக்கில் இருமவைக்கும்.

தூதுவளை ரசம், ஆடாதோடை, அதிமதுரம் கொடுக்கலாமா?

தூதுவளை ரசம், மிளகு ரசம், கற்பூரவல்லி எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம். சூடான திரவமே தொண்டைக்கு இதம். ஆடாதோடைக்குப் பெருமை உண்டு: அதன் இலையிலுள்ள வாசிசின் என்ற பொருளை வைத்துத்தான் சளியை இளக்கும் ப்ரோம்ஹெக்சின் மருந்தையே உருவாக்கினார்கள். படுக்கும் முன் ஒரு தேக்கரண்டி தேன் நல்லது. ஆனால் அதில் ஏறக்குறைய 6 கிராம் சர்க்கரை இருக்கிறது. பனங்கற்கண்டுப் பாலும் சர்க்கரையை ஏற்றும், "பனைதானே, ஒண்ணும் செய்யாது" என்பது தவறு.

அதிமதுரத்தில்தான் எச்சரிக்கை வேண்டும். நாள்தோறும் சாப்பிட்டால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், உடம்பில் பொட்டாசியத்தைக் குறைக்கும். பிரஷர், இதய நோய், நீர் பிரியும் மாத்திரை உள்ளவர்களுக்கு வேண்டாம். மூக்கில் எண்ணெய், நெய் விடும் பழக்கத்தையும் கைவிடுங்கள். அது நுரையீரலுக்குள் இறங்கினால் வெளியேறாமல் அங்கேயே புண்ணாக்கும். ஆவி பிடிப்பதாக இருந்தால் பாத்திரத்தை மேசைமேல் வையுங்கள். மடியில் வெந்நீர் கொட்டி வெந்த தொடையோடு வந்த பாட்டிகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் புண் இருமலைவிடப் பல மடங்கு கொடுமை.

மெடிக்கலில் ஒரு சிரப் வாங்கிக் கொடுத்தால் போதாதா?

ஒரே பாட்டிலில் நாலைந்து மருந்து கலந்திருக்கும். தூக்கம் வரவைக்கும் குளோர்ஃபெனிரமின் ப்ராஸ்டேட் வீங்கிய ஆண்களுக்குச் சிறுநீரை அடைத்துவிடும், சிலருக்குக் குழப்பத்தை உண்டாக்கும். மூக்கடைப்புக்குச் சேர்க்கும் ஃபினைலெஃப்ரின் பிரஷரை ஏற்றும். கோடீன் உள்ளது மலச்சிக்கலும் மயக்கமும் தரும். ராத்திரி எழுந்து போகும்போது விழுந்து இடுப்பெலும்பு உடையும். மூன்று நாலு நாள் தூக்கத்துக்காக ஒன்று வேண்டும் என்றால், அவர் சாப்பிடும் மற்ற மாத்திரைகளைக் காட்டி டாக்டரிடம் எழுதி வாங்குங்கள்.

ஊசி போட்டால் சட்டென்று நிற்கிறதே?

ஸ்டீராய்டு ஊசியில் இரண்டு நாள் நிற்கும், சர்க்கரை எகிறும், அப்புறம் இருமல் திரும்பி வரும். ஆன்டிபயாடிக்கும் அப்படித்தான், வைரஸ் இருமலுக்கு அதனால் பயன் இல்லை. குறிப்பாக லெவோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகள் காசநோய்க் கிருமியைத் தற்காலிகமாக அமுக்கும். நோய் மறைந்து, கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். 2 வாரம் இருமியவருக்குச் சளியைச் சோதிக்காமல் அந்த மருந்தை எழுதினால், "முதலில் சளி டெஸ்ட் எடுத்துடலாமா சார்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இன்ஹேலர் எடுத்தால் பழக்கமாகிவிடுமா?

ஆகாது. மாத்திரையைவிடக் குறைந்த அளவு மருந்து, போக வேண்டிய இடத்துக்கு நேராகப் போகிறது. நடுங்கும் கைக்கு ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழாய்) வாங்குங்கள். ஸ்டீராய்டு உள்ள இன்ஹேலருக்குப் பின் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லையென்றால் வாயில் வெள்ளை படியும்.

இருமும்போது சிறுநீர் கசிகிறது என்று அம்மா யாரிடமும் சொல்வதில்லை.

எத்தனையோ அம்மாக்கள் இதற்காகவே கல்யாணம், கோயில், பஸ் பயணம் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள். மகளோ மருமகளோ தனியாக உட்கார்ந்து மெதுவாகக் கேளுங்கள். சிறுநீரை அடக்கும் இடுப்படித் தசைகளுக்கான பயிற்சியால் நன்றாகக் குறையும். விடாத இருமலால் விலா எலும்பில் விரிசல் விழலாம், குடலிறக்கம் வரலாம், இருமி இருமி மயங்கி விழலாம். இவற்றையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

எப்போது 108-ஐக் கூப்பிட வேண்டும்?

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நிமிடத்துக்கு 30 முறைக்கு மேல் மூச்சு விட்டால், உதடு நீலமானால், புதிதாகக் குழப்பம் வந்தால், நெஞ்சு வலித்தால், ரத்தம் கணிசமாக வந்தால், இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வந்தால் உடனே. விடியட்டும் என்று இருக்காதீர்கள். சளியில் ரத்தக் கீற்று ஒரு முறை தெரிந்தாலும், குரல் 3 வாரத்துக்கு மேல் கம்மியிருந்தாலும், அந்த வாரத்துக்குள் காட்டிவிடுங்கள்.

தடுப்பூசி உண்டா?

இன்ஃப்ளூயன்சாவுக்கு வருடம் ஒரு முறை, நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் கிருமிக்குத் தனியாக ஒன்று. 65 தாண்டியவர்களுக்கும், சர்க்கரை, இதய, நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும் டாக்டர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கும். ஃப்ளூ ஊசியை அடைமழைக்கு முன்பே, புரட்டாசிக்குள் போட்டுவிடுவது நல்லது.

டாக்டரிடம் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

சாப்பிடும் எல்லா மாத்திரையையும் அட்டையோடு ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். நாட்டு மருந்து, பொடி, லேகியம் இருந்தால் அதையும் ஒளிக்காமல் எடுத்துச் செல்லுங்கள். பழைய எக்ஸ்ரே மிக முக்கியம். நிழல் பழையதா புதியதா என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும், பரணில் இருந்தாலும் தேடி எடுங்கள். இருமல் தொடங்கிய தேதி, எந்த நேரத்தில் அதிகம், எடை எவ்வளவு குறைந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ராத்திரி இருமும் சத்தத்தைச் செல்போனில் பதிவு செய்து கொண்டுபோனால் இன்னும் நல்லது. பெரியவரோடு உள்ளே போகிறவர், ராத்திரி அவர் இருமுவதைக் கேட்கிற ஆளாக இருக்கட்டும்.